டீச்சர் தாண்டிப் போன கேள்வி

அவள் ஒரு நாள்கூடப் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தியவள் இல்லை. ஆனாலும் ஆஸ்பத்திரியில் வாட்ச்மேனிலிருந்து பெரிய டாக்டர் வரைக்கும் அவளை 'டீச்சர்' என்றுதான் கூப்பிட்டார்கள். சம்பளச் சீட்டில் வேறு பெயர் இருந்தது. அந்தப் பெயரைச் சொல்லி யாராவது தேடிக்கொண்டு வந்தால், கூடவே வேலை பார்க்கிறவர்களே "அப்படி இங்க யாரும் இல்லையே" என்று கையை விரித்துவிடுவார்கள்.

பட்டம் வந்த கதை சின்னதுதான். அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில், மருந்து கொடுக்கும் ஜன்னலுக்குப் பக்கத்தில் நோயாளிகள் காத்திருக்க வேண்டிய இடத்தைக் காட்டி ஆங்கிலத்தில் ஒரு பலகை மாட்டியிருந்தார்கள். எழுத்தில் பிழை விழுந்து, காத்திருக்கச் சொல்லும் 'வெயிட்' எடையைச் சொல்லும் 'வெயிட்' ஆகிவிட்டது. இரண்டு பேர் அதைப் படித்துவிட்டு எடை பார்க்கும் மிஷினைத் தேடி மாடி மாடியாக ஏறி இறங்கினார்கள். மூன்றாவது ஆள் தேடக் கிளம்புவதற்குள் அவள் பட்டைப் பேனாவை எடுத்துவந்து பலகையைத் திருத்திவிட்டாள். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர், பிறகு கழுவியும் போகவில்லை.

அவள் வேலை பார்த்தது கொதி ரூமில். அறுவை சிகிச்சைக்கு வேண்டிய கத்தரி, இடுக்கி, கொக்கி எல்லாவற்றையும் கழுவித் துடைத்து, ட்ரேயில் அடுக்கி, பச்சைத் துணியில் சுற்றி, ஆவி மிஷினுக்குள் வைத்துக் கிருமி போக்கி எடுக்கும் இடம். கதவுக்கு மேலே நீளமாக ஓர் ஆங்கிலப் பெயர் எழுதியிருந்தது. அதை முழுசாகச் சொல்லி முடிப்பதற்குள் மிஷின் ஒரு தடவை ஓடி நின்றுவிடும் என்பதால், எல்லோருக்கும் அது கொதி ரூம்தான். வருஷம் முழுக்க ஒரே புழுக்கம். ஈரத்துணி வாசனையும் சூடான இரும்பு வாசனையும் வீட்டுக்குப் போனாலும் தலைமுடியைவிட்டுப் போகாது. அங்கே டீச்சருக்கு ஒரு நல்ல பேர் இருந்தது. மேலே ஒட்டிய சீட்டு ஒன்று, உள்ளே இருக்கிற சாமான் இன்னொன்று என்பது அவள் கையால் நடந்ததே கிடையாது. டாக்டர்கள் கட்டைப் பிரிக்கும்போதே, இது டீச்சர் கட்டினது என்று முடிச்சைப் பார்த்துச் சொல்வார்கள்.

பள்ளிப் படிப்பு முடிந்த கையோடு அவளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. ஆங்கிலத்தை அவள் யாரிடமும் போய் உட்கார்ந்து கற்றுக்கொள்ளவில்லை. மிஷினோடு வரும் கையேடு, மருந்துப் பெட்டிக்குள் எட்டாக மடித்து வைத்திருக்கும் மெல்லிய தாள், பஸ்ஸுக்குள் ஒட்டியிருக்கும் விளம்பரம் என்று கண்ணில் பட்டதையெல்லாம் படிப்பாள். ஒரு வாக்கியம் ஏன் அப்படி நிற்கிறது என்று யோசித்துக்கொண்டே இறங்க வேண்டிய இடத்தைத் தவறவிட்டதும் உண்டு. ஏ.சி. மெக்கானிக்கான அவள் கணவர் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். "எம் பொண்டாட்டி பஸ்ஸுக்கு டிக்கெட் எடுக்கிறது ஊருக்குப் போக இல்ல, படிக்க."

கொதி ரூமின் பொறுப்பாளர் ஓய்வு பெறப்போகிறார் என்று தெரிந்ததும், அடுத்து அந்த நாற்காலி யாருக்கு என்று யாரும் வாயைத் திறந்து கேட்கக்கூட இல்லை. கேட்க என்ன இருக்கிறது? டீச்சருக்குத்தான். ஆனால் நிர்வாகம் புதிதாக ஒரு விதி கொண்டுவந்தது. பொறுப்பாளர் ஆக விரும்புகிறவர்கள் வெளியார் நடத்தும் பொதுவான ஆங்கில இலக்கணத் தேர்வு ஒன்றை எழுதித் தேற வேண்டும். மிஷின் கம்பெனிக்கு எழுதுவதும் மாத அறிக்கையும் இனி ஆங்கிலத்தில்தானாம். நூறு கேள்வி. ஒவ்வொன்றுக்கும் நாலு விடை. சரியானதற்கு நேரே இருக்கும் வட்டத்தைப் பென்சிலால் கறுப்பாக்க வேண்டும். அறுபது எடுத்தால் போதும்.

"உங்களுக்கு இதெல்லாம் வாயில போட்டா கரையற பிஸ்கட்டு டீச்சர்" என்றான் நெட்டை. அவன் ஆபரேஷன் தியேட்டருக்கும் கொதி ரூமுக்கும் இடையே வண்டி தள்ளுகிறவன்; முப்பது வயது; கதவு நிலையில் இடிக்காமல் அவன் உள்ளே வந்த நாள் குறைவு. அவனும் எழுதப் பெயர் கொடுத்தான். மூன்றாவதாகப் பெயர் கொடுத்தவள் பாப்பா. இரண்டு பிள்ளை பெற்றவள்தான். ஆள் குள்ளமாக, எதற்கெடுத்தாலும் கண் கலங்குகிறவளாக இருந்ததால் அந்தப் பெயர். "நான் சும்மா எழுதிப் பாக்கிறேங்க்கா. ஃபெயிலானா யாருக்கும் சொல்லாதீங்க" என்று அன்றைக்கே கேட்டுக்கொண்டாள்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, துணி மடிக்கும் மேஜையைச் சுற்றி டீச்சர் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தாள். கையைச் சும்மா வைத்துக்கொண்டு பேச அவளுக்கு வராது. ஒரு பக்கம் துணி மடிந்துகொண்டே இருக்கும், மறுபக்கம் பாடம் நடக்கும்.

"ட்ரே இப்பத்தான் வெளிய வந்திருக்கு. தொட்டா சுடும். சூடு இன்னும் இருக்கில்ல? அதுக்குத்தான் 'ஹேஸ் கம்'. ட்ரே நேத்து வந்துச்சு, ஆறிப் போச்சு, யாரோ எடுத்துட்டும் போயாச்சு. அதுக்கு 'கேம்'. சூடு இருந்தா 'ஹேஸ்' போடு, ஆறிட்டா விட்டுடு."

"அப்ப எம் பொண்டாட்டி போன வாரம் கோவிச்சது இன்னும் சூடாத்தான் இருக்கு. அதுக்கு 'ஹேஸ்' போடலாமா டீச்சர்?" என்றான் நெட்டை.

"தாராளமா போடு. கூடவே ஒரு மன்னிப்பும் போடு."

பாப்பா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஆனால் அதற்குப் பிறகு அவள் அந்த விஷயத்தில் ஒரு தடவைகூடத் தப்பு செய்யவில்லை.

தேர்வு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், ஒரு கல்லூரியில் நடந்தது. நீண்ட கூடம், தலைக்கு மேலே ஃபேன்கள் கடகடவென்று ஓடின. டீச்சருக்குக் கேள்வித்தாளைப் பார்த்ததும் பயம் வரவில்லை, ஆசை வந்தது. பிடித்த பலகாரத்தை மெதுவாகத் தின்கிறவர்கள் போல ஒவ்வொரு வாக்கியத்தையும் இரண்டு தடவை படித்தாள். நாற்பதாவது கேள்வியில் கொஞ்சம் நின்றாள். டாக்டர் அவளை உடனே போகச் சொல்லி வற்புறுத்தினார் என்று வரும் ஆங்கில வாக்கியம். 'கோ'வா, 'கோஸ்'ஸா? காது ஒன்று சொன்னது, எங்கோ படித்த ஞாபகம் இன்னொன்று சொன்னது. பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அடுத்த கேள்விக்குப் போனாள்.

அதற்குப் பிறகு எல்லாம் வழுக்கிக்கொண்டு போயிற்று. ரசித்து ரசித்துப் படித்ததில் நேரம் போனதே தெரியவில்லை. கடைசிக் கேள்விக்கு வட்டம் போட்டு நிமிர்ந்தபோது மேற்பார்வையாளர் பக்கத்து வரிசையில் தாள் வாங்கிக்கொண்டிருந்தார். விடைத்தாளின் அடியில் ஒரே ஒரு வரிசை மட்டும் வெள்ளையாக இருந்தது. கடைசியில் ஏதோ ஒன்றை விட்டுவிட்டோம் போலிருக்கிறது என்று நினைத்து, கைக்கு வந்த வட்டத்தை அவசரமாகக் கறுப்பாக்கிக் கொடுத்துவிட்டாள்.

வெளியே வந்ததும் சைக்கிள் நிறுத்துமிடத்துக்குப் பக்கத்தில் நிழலாக ஒரு சிமெண்ட் மேடை இருந்தது. அங்கே பாப்பாவும் நெட்டையும் அவளுக்காகக் காத்திருந்தார்கள். கேள்வித்தாளை வீட்டுக்கு எடுத்துப் போகலாம் என்று விட்டிருந்ததால் பாப்பா அதைச் சுருட்டிக் கையில் வைத்திருந்தாள். வியர்வையில் அதன் ஓரம் நைந்துபோயிருந்தது.

"அக்கா, உக்காருங்க. முதல்லேர்ந்து சொல்லுங்க. தப்பானாலும் பரவாயில்ல, தெரிஞ்சுக்கிட்டே வீட்டுக்குப் போறேன்."

டீச்சர் ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினாள். 'திங்கட்கிழமையிலிருந்து' என்றால் 'சின்ஸ்', 'ரெண்டு வருஷமாக' என்றால் 'ஃபார்'. நெட்டை நெற்றியில் அறைந்துகொண்டான். "நான் ரெண்டுக்குமே 'ஃப்ரம்' போட்டேனே டீச்சர்!" டீச்சர் என்ற சொல் காதில் விழுந்ததும் முன்பின் தெரியாதவர்களும் வந்து சுற்றி நின்றுகொண்டார்கள். வங்கியில் வேலை பார்க்கிற ஒருவர், வயிற்றுப் பிள்ளைக்காரி ஒருத்தி, சீருடையைக்கூடக் கழற்றாமல் வந்திருந்த ஒரு பஸ் கண்டக்டர். டீச்சர் விடை சொல்லச் சொல்ல, ஒரு முகம் மலர்ந்தது, ஒரு முகம் தொங்கியது. கண்டக்டர் ஒவ்வொரு சரியான விடைக்கும் விசில் அடிக்கிற மாதிரி வாயைக் குவித்துக்கொண்டார்.

"அடுத்தது நாப்பது. டாக்டர் வற்புறுத்தினார்னு வருதே, அதுக்கு நீங்க என்னக்கா போட்டீங்க?" என்றாள் பாப்பா.

டீச்சர் வாயைத் திறந்தாள்.

அதற்கு அவள் எதுவுமே போடவில்லை. பிறகு வரலாம் என்று தாண்டிப் போனாள். திரும்ப வரவே இல்லை. அப்படியென்றால் விடைத்தாளில் நாற்பதுக்கு நேரே இருக்கிற வரிசையல்லவா வெள்ளையாக இருந்திருக்க வேண்டும்? இருந்தது நூறாவது. நாற்பத்தொன்றின் விடையை நாற்பதில் போட்டிருக்கிறாள். நாற்பத்திரண்டை நாற்பத்தொன்றில். அங்கிருந்து கடைசி வரைக்கும் எல்லாமே ஒரு வரிசை மேலே ஏறிக்கொண்டுவிட்டது.

அவள் வலது கைக் கட்டைவிரலில் பென்சில் கரி ஒட்டியிருந்தது. அதை யாருடைய விரலையோ பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா?"

"'கோ'ன்னு போட்டிருந்தா சரி" என்றது அவள் குரல். இப்போது யோசித்தபோது சந்தேகமே இல்லாமல் தெரிந்தது.

"நான் 'கோ'தான் போட்டேன்! ஐயோ, நான் 'கோ'தான் போட்டேன்க்கா!" பாப்பா குதிக்காத குறை.

டீச்சர் எழுந்து போய்விடலாம் என்று நினைத்தாள். தலைவலி என்று சொன்னால் யார் தடுக்கப்போகிறார்கள்? ஆனால் கண்டக்டர் அடுத்த பக்கத்தைப் புரட்டிக்கொண்டு அவள் வாயையே பார்த்தபடி நின்றார். வயிற்றுப் பிள்ளைக்காரி மேடையில் இடம் பிடித்து அப்போதுதான் உட்கார்ந்திருந்தாள். டீச்சர் நாற்பத்தொன்றுக்குப் போனாள். பிறகு நாற்பத்திரண்டு. அவள் சொன்ன ஒவ்வொரு விடையும் சரி. ஒவ்வொன்றும் அவள் தாளில் தப்பான வரிசையில் இருந்தது. ஏன் 'கோஸ்' வராது, ஏன் இங்கே 'தி' வேண்டாம் என்று நிதானமாக விளக்கமும் சொன்னாள். நூறு வரைக்கும் சொல்லி முடித்தபோது வெயில் மேடைக்கு ஏறியிருந்தது.

பாப்பா விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, வழக்கம் போலக் கண் கலங்கினாள். "நான் பாஸாயிடுவேன் போலிருக்கேக்கா."

"ஆயிடுவே" என்றாள் டீச்சர்.

"உங்களுக்குக் கேக்கவே வேணாம் டீச்சர். நூத்துக்கு நூறு. எப்ப ட்ரீட்டு?" என்றான் நெட்டை.

"ரிசல்ட் வரட்டும்" என்று மட்டும் சொல்லிவிட்டு அவள் பஸ் ஏறினாள். அன்றைக்கு எந்த விளம்பரத்தையும் படிக்கவில்லை.

வீட்டில் அவள் கணவர் யாருடையதோ ஒரு பழைய ஏ.சி.யின் மோட்டாரைச் செய்தித்தாள் மேல் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார். அவள் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கிரீஸ் கையைத் துணியில் துடைத்துக்கொண்டார்.

"அதாவது, ஒயரெல்லாம் நல்ல ஒயர். கரண்டும் இருக்கு. நீ லைட்டுக்குக் குடுக்க வேண்டியத ஃபேனுக்குக் குடுத்துட்டே."

"வெளையாடாதீங்க."

"வெளையாடலம்மா. நான் இந்தத் தப்ப எத்தன வீட்ல பண்ணியிருக்கேன் தெரியுமா? ஒரு வீட்ல காலிங் பெல்ல அமுக்கினா ஏ.சி. ஓடுச்சு. நான் போயி மாத்தி விட்டுட்டு வந்துட்டேன். உனக்கு மாத்தி விட வழியில்ல, அதான் கஷ்டம்." பிறகு மெதுவாகக் கேட்டார். "எழுதிப் போட்டா பாக்க மாட்டாங்களா? ஒரு வரிசை தள்ளிப் போச்சுன்னு?"

"மிஷின் திருத்தறது. அதுக்கென்ன தெரியும்? அதுவுமில்லாம, ட்ரேல சீட்ட மாத்தி ஒட்டிட்டு, உள்ள இருக்கிறது நல்ல கத்தரிதான் டாக்டர்னு நான் சொன்னா ஒத்துப்பாங்களா?"

அவள் உள்ளே போய், கழுவியிருந்த பாத்திரங்களையே எடுத்து மறுபடி கழுவினாள். அழுகை வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. ஆங்கிலம் தெரியாமல் தோற்றிருந்தால் தேவலாம் போல இருந்தது. அவர் வந்து ஒரு துணியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் நின்று, அவள் கழுவியதை ஒவ்வொன்றாகத் துடைத்து வைத்தார். "பொண்ணு போன் பண்ணுச்சு. எக்ஸாம் எப்படின்னு கேட்டுச்சு. அம்மா தூங்கறாங்கன்னு சொல்லிடட்டுமா?" என்றார். அவர்களுடைய மகள் வேறு ஊரில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். "நானே சொல்லிக்கிறேன்" என்று அவள் கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள்.

முடிவு வந்தபோது கொதி ரூமில் யாருக்கும் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பாப்பா நல்ல மதிப்பெண்ணில் தேறியிருந்தாள். நெட்டை மயிரிழையில் தப்பித்து அறுபத்தொன்று வாங்கியிருந்தான். டீச்சருக்கு ஐம்பத்துமூன்று. ஓய்வு பெறப்போகும் பொறுப்பாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். அப்போதும் ஐம்பத்துமூன்றுதான்.

"இது அநியாயம். யாரோட மார்க்கோ உங்களுக்கு வந்திருக்குக்கா. நான் போயி ஆபீஸ்ல சண்ட போடப் போறேன்." சண்டை என்ற சொல்லைச் சொல்லவே பயப்படுகிற பாப்பா கிளம்பிவிட்டாள். டீச்சர் அவள் கையைப் பிடித்து, சேமிப்பு அலமாரிகளுக்கு நடுவே கூட்டிக்கொண்டு போனாள்.

"மார்க்கு என்னோடதுதான். ஒரு கேள்விய விட்டேன், அதுக்குண்டான வரிசைய விட மறந்துட்டேன். நாப்பதுக்கப்புறம் எல்லாம் மாறிப் போச்சு. ஏதோ கொஞ்சம் குருட்டாம்போக்குல பொருந்தியிருக்கு."

பாப்பாவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் முகத்தில் ஈயாடவில்லை. "நாப்பதா? அன்னிக்கு நான் கேட்டப்ப பேசாம நின்னீங்களே. அப்பவே தெரியுமா?"

"அப்பத்தான் தெரிஞ்சுது."

"தெரிஞ்சும் உக்காந்து எங்களுக்கெல்லாம் நூறு வரைக்கும் சொன்னீங்களா?"

"நீங்க எழுதினது சரியான்னுதானே கேட்டீங்க. நான் எழுதினது தப்புன்னா உங்களுக்கென்ன? போ, மிஷின் நின்னுடுச்சு பாரு."

நாற்காலி பாப்பாவுக்கு வந்தது. இதைச் சொல்லும்போது டீச்சரைப் பெருந்தன்மையின் மறுவடிவமாகக் காட்டிவிட ஆசையாக இருக்கிறது; ஆனால் நடந்தது அப்படியில்லை. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பாப்பா அந்த நாற்காலியில் நுனியில் உட்காருவதைப் பார்த்தாலும் பிடிக்கவில்லை, நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாலும் பிடிக்கவில்லை. பேச வேண்டியதை நெட்டையிடம் சொல்லி அனுப்பினாள். "பத்தடி தூரத்துக்கு நான் தபால்காரனா டீச்சர்?" என்று அவன் கேட்டதற்கும் சிரிக்கவில்லை. மத்தியானத்தில் துணி மடிக்கும் மேஜைக்குப் போகாமல், மிஷினுக்குப் பின்னால் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு தனியாகச் சாப்பிட்டாள்.

முதல் மாத அறிக்கையை பாப்பா தானாகவே எழுதி மேலே அனுப்பினாள். அது மறுநாளே திரும்பி வந்தது. கூடவே ஆஸ்பத்திரிக் கண்காணிப்பாளரின் போனும் வந்தது. போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தாலும் கேட்கிற குரல் அவருக்கு. "பரீட்சை எழுதிப் பாஸான ஆளா இது எழுதினது?" என்று அவர் கேட்டது மிஷின் சத்தத்தையும் தாண்டி எல்லோர் காதிலும் விழுந்தது. பாப்பா "சரிங்க சார், சரிங்க சார்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். போனை வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

டீச்சருக்கு ஒரு நிமிஷம் மனசு குளிர்ந்தது உண்மை. அடுத்த நிமிஷமே அந்தக் குளிர்ச்சி அவளுக்கே அருவருப்பாக இருந்தது. கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு பாப்பாவின் மேஜைக்குப் போனாள்.

"அனுப்பறதுக்கு முன்னாடி எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டா என்ன?"

பாப்பா திரும்பவில்லை. "மூணு தடவ எடுத்துக்கிட்டு வந்தேங்க்கா. உங்க முகத்தப் பாத்துட்டுத் திரும்பிப் போயிட்டேன்."

"அப்படியா இருந்துச்சு எம் முகம்?"

"இப்பவும் அப்படித்தான் இருக்கு."

டீச்சர் தன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். பிறகு இன்னொரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "குடு அத. நீ பாஸானதுல எனக்கு வருத்தம் இல்ல. நான் ஃபெயிலானதுல ரொம்ப வருத்தம். ரெண்டும் ஒரே எடத்துல நடந்ததால உன் மேல காட்டிட்டேன்."

"எனக்கும் இந்த நாற்காலி குத்துதுக்கா. முதுகு வலி வேற."

"முதுகு வலிக்கு நாற்காலிய மாத்தணும். மனசு வலிக்கு நான் வந்துட்டேன். முதல் வரியப் படி."

இரண்டு பேரும் அறிக்கையை வரி வரியாகத் திருத்தினார்கள். எது ஏன் தப்பு என்று டீச்சர் சொன்னாள், எழுதியது பாப்பா. எத்தனை ட்ரே, எந்த மிஷின் எப்போது நின்றது என்ற விவரங்களில் பாப்பா புலி என்பதை டீச்சர் அன்றைக்குத்தான் பார்த்தாள். பழைய பொறுப்பாளர் கண்டுகொள்ளாமல் விட்ட ஒரு வால்வுக் கோளாறை அவள் தேதியோடு பிடித்து வைத்திருந்தாள். ஆள் அழுமூஞ்சிதான், ஆனால் நாற்காலிக்குத் தகுந்தவள்தான் என்று டீச்சர் அன்றிரவு கணவரிடம் ஒத்துக்கொண்டாள். "அப்ப இனிமே வீட்ல பாத்திரத்த ஒரு தடவ கழுவினா போதுமா?" என்றார் அவர்.

அடுத்த வருஷம் டீச்சர் அதே தேர்வை மறுபடி எழுதினாள். இந்தத் தடவை ரசிப்பதை வீட்டில் வைத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்து, விடைத்தாளின் மேல் ஸ்கேலை வைத்து வரிசை வரிசையாக இறக்கிக்கொண்டே வந்தாள். தொண்ணூற்றாறு வந்தது. போன நாலு எங்கே போயிற்று என்று இரண்டு நாள் முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். ஆனால் பொறுப்பாளர் வேலை எதுவும் காலியாக இல்லை. பாப்பாவின் கீழேயே இன்னும் பல மாதம் ட்ரே கட்டினாள். அது இப்போது உறுத்தவில்லை என்று சொல்ல முடியாது, உறுத்துவது குறைந்திருந்தது.

பிறகு குழந்தைகளுக்கென்று தனிக் கட்டடம் கட்டினார்கள். அதற்கு ஒரு கொதி ரூம் வேண்டியிருந்தது. அதன் பொறுப்பு டீச்சருக்கு வந்தது. அவள் பெயரை எழுதி அனுப்பியவள் பாப்பாதான் என்பது ஆபீஸில் இருந்தவர்கள் சொல்லித்தான் அவளுக்குத் தெரிந்தது.

முதல் நாள் அங்கே மிஷின்களில் பாதிக்கு இணைப்புக்கூடக் கொடுத்திருக்கவில்லை. சுவரில் பெயிண்ட் ஈரம் காயவில்லை. டீச்சர் ஜன்னலுக்கு வலை கேட்டு ஒரு கடிதம் எழுதிக்கொண்டிருந்தபோது, பாப்பா சாப்பாட்டு டப்பாவைத் தூக்கிக்கொண்டு பழைய கட்டடத்திலிருந்து நடந்தே வந்து சேர்ந்தாள். உட்கார நாற்காலி ஒன்றுதான் இருந்தது. நீ உட்கார், நீங்கள் உட்காருங்கள் என்று கொஞ்ச நேரம் நடந்தது. கடைசியில் இருவரும் பிரிக்காத மிஷின் பெட்டி ஒன்றின் மேல் ஏறி உட்கார்ந்து, காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு சாப்பிட்டார்கள்.